வாசகரைத் தேடிப் போகும் நூலகம்: நீலகிரியை முன்வைத்து ஓர் எளிய அறிமுகம்

ஒரு பொது நூலகம் தன் கட்டடத்துக்குள் வருகிறவர்களுக்குச் செய்யும் பணி ஒன்று. அதன் வாசலை இதுவரை மிதிக்காதவர்களுக்காகச் செய்யும் பணி இன்னொன்று. இந்த இரண்டாவது பணியை நூலகத் துறையில் விரிவாக்கப் பணி என்பார்கள். நடமாடும் நூலக வண்டி, ஊருக்குள் வைக்கப்படும் புத்தகப் பெட்டி, நடக்க முடியாதவரின் வீட்டுக்கே நூலைக் கொண்டு சேர்க்கும் தன்னார்வலர், பள்ளியில் நடக்கும் கதை நேரம், நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று ஊராருக்குச் சொல்லும் அறிவிப்பு ஆகிய எல்லாமே இதில் அடங்கும். நூலகப் பணிக்குப் புதிதாக வந்தவர்களும், வாசகர் வட்டத்தில் அண்மையில் சேர்ந்தவர்களும், தங்கள் ஊர் நூலகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களும் இதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள உதவும் வகையில், நீலகிரி மாவட்டத்தை முன்வைத்து இதை விளக்குகிறேன். நூலகம் திறந்திருக்கிறது என்பதும் அது ஒருவருக்குக் கிடைக்கிறது என்பதும் வேறு வேறு. சமவெளியில் அவ்வளவாகப் புலப்படாத இந்த வேறுபாடு மலையில் கண்ணுக்கு நேரே தெரியும்.

இது நூலகருடைய தாராள மனத்தைப் பொறுத்த விஷயம் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் இதற்குச் சட்டத்தின் அடித்தளம் உண்டு. சென்னை மாகாணத்தில் 1948இல் நிறைவேறிய பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறைக்கென இயற்றப்பட்ட முதல் சட்டம். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைத்ததும், உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் சொத்து வரியோடு நூலக வரியைச் சேர்த்ததும் அச்சட்டத்தின் முக்கியமான இரு ஏற்பாடுகள். கோத்தகிரிக்கு அப்பால் ஒரு ஹட்டியில், அதாவது படுகர்களின் சிற்றூரில், வீடு கட்டிக் குடியிருக்கும் படுகர் குடும்பம் ஊராட்சிக்கு வீட்டு வரி கட்டும்போது, அதனுடன் நூலக வரியையும் சேர்த்தே கட்டுகிறது. அந்த வீட்டில் ஒருவரிடமும் நூலக உறுப்பினர் அட்டை இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் நூலகம் நடப்பது அவர்களுடைய பணத்திலும்தான். ஆகவே, அவர்களுக்கு நூல் போய்ச் சேரும் வழியை யோசிப்பது நூலகத்தின் கடமைக்குள்ளேயே வருகிறது.

நீலகிரியில் இன்னொரு வகை நூலகமும் இருக்கிறது என்பதால் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுவது நல்லது. உதகையில் 1859இல் தொடங்கப்பட்ட நீலகிரி நூலகம், சென்னையின் பல புகழ்பெற்ற கட்டடங்களை வடிவமைத்த ராபர்ட் சிஷோம் வரைந்த கட்டடத்தில் இயங்குவது. மலைக்கு வந்து தங்கிய ஆங்கிலேயர்கள் தங்கள் வாசிப்புக்காக ஏற்படுத்திக்கொண்ட அந்த நூலகம் இன்றும் சந்தா செலுத்தும் உறுப்பினர்களுக்கானது. அதன் பழைய சேகரிப்பு போற்றிக் காக்க வேண்டிய ஒன்று. ஆனால், உறுப்பினர் அல்லாதவரைத் தேடிப் போக வேண்டிய பொறுப்பு அதற்கு இல்லை. மாவட்ட மைய நூலகத்துக்கும், கிளை நூலகங்களுக்கும், ஊர்ப்புற நூலகங்களுக்கும் அந்தப் பொறுப்பு இருக்கிறது.

கோட்பாடு என்று பார்த்தால், சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளே போதுமானவை. நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளரும் உயிரி. நூலகவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் இந்த வரிகளில், மூன்றாவது விதிதான் விரிவாக்கப் பணியின் உயிர் என்று நான் கருதுகிறேன். உருளைக்கிழங்குச் சாகுபடியைப் பற்றிய நல்ல தமிழ் நூல் ஒன்று உதகை நூலக அலமாரியில் ஆண்டுக்கணக்கில் எவரும் எடுக்காமல் கிடந்தால், அதற்கு வாசகரே இல்லை என்று முடிவுகட்டுவது எளிது. அதற்குரிய வாசகர் மஞ்சூருக்குப் பக்கத்தில் தன் தோட்டத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு நூல் இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்த நூல் அவரிடம் போய்ச் சேரும் வரை நூலகத்தின் வேலை பாதியில் நிற்கிறது என்கிறது அந்த விதி.

மலையில் தூரம் என்பது என்ன?

வரைபடத்தில் 8 கிலோமீட்டர் என்று தெரியும் தொலைவு, மலையில் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணமாகவும் அதன் பிறகு அரை மணி நேர ஏற்றமாகவும் இருக்கக்கூடும். இதை விளங்கிக்கொள்ள, பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் பெண்ணின் ஒரு நாளைக் கவனிக்கலாம். விடியும் முன்னரே எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, காலை 8 மணி அளவில் அவர் தேயிலைக் காட்டில் இறங்கியாக வேண்டும். பறித்த இலையை எடை போட்டு, எடைக்கணக்கு எழுதப்படுவதைப் பார்த்துவிட்டு, தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசைக் குடியிருப்பில் உள்ள தன் லைன் வீட்டுக்குத் திரும்பும்போது மாலை 5 மணி ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் தண்ணீரும் விறகும் அடுப்பும். கடைவீதியிலுள்ள நூலகம் மாலையில் திறந்துதான் இருக்கும். அங்கே போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும். இருட்டிய பின் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் யானை நடமாட்டம் உள்ள பாதையில் புத்தகத்துக்காக நடந்து போ என்று யாரும் யாரிடமும் சொல்ல முடியாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் யானை இடத்தில் காட்டெருமையும் கரடியும் இருக்கின்றன. அரசுப் பேருந்தில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் மலைப்பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்ட பிறகு செலவு குறைந்திருக்கிறது என்பது உண்மை; நேரமும் இருட்டும் அப்படியே இருக்கின்றன.

இந்தப் பெண்ணுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று சொல்வது நியாயமாகாது. அவருடைய நாளில் நூலகம் நுழையக்கூடிய இடைவெளி எது என்று தேடுவதிலிருந்துதான் விரிவாக்கப் பணி தொடங்குகிறது. இலை எடை போடும் இடத்தில் வரிசையில் நிற்கும் நேரம், சம்பள நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பிள்ளையை அழைத்துவர அங்கன்வாடிக்குப் போகும் வேளை என்று அந்த இடைவெளிகளை ஒரு வாரம் பொறுமையாகக் கவனித்தால் கண்டுபிடித்துவிடலாம். கவனிக்காமல் தீட்டப்படும் திட்டங்கள்தான் தொடக்க விழாவோடு நின்றுபோகின்றன. எனவே, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் முதல் யோசனை, எந்த நூலை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், இந்த ஊரில் யார் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள் என்பதே.

மாட்டுவண்டியும் குதிரையும்

நூலைத் தூக்கிக்கொண்டு வாசகரிடம் போவது புதிய சிந்தனையல்ல. பரோடா சமஸ்தானத்தை ஆண்ட மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட், 1910இல் அமெரிக்க நூலகர் வில்லியம் போர்டனை வரவழைத்து நூலக அமைப்பை உருவாக்கியபோது, மரப்பெட்டிகளில் நூல்களை அடுக்கிக் கிராமங்களுக்கு அனுப்பும் முறையும் அதில் சேர்ந்திருந்தது. தமிழ்நாட்டில் மன்னார்குடியில் 1931இல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் அமைத்து ஊர் ஊராக அனுப்பினார். ரங்கநாதனின் விதிகள் அச்சேறிய அதே ஆண்டில், காவிரிக் கழிமுகத்தில் ஒரு வண்டி அவற்றை நடைமுறையில் காட்டிக்கொண்டிருந்தது. நம் நடமாடும் நூலகங்களின் மூதாதை அந்த வண்டிதான்.

மலைக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், 1935 முதல் 1943 வரை, கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதிகளில் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் குதிரைச் சுமை நூலகம் என்ற பணி நடைபெற்றது. சாலையே இல்லாத மலைக்கிராமங்களுக்குப் பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் நூல்களைச் சுமந்து சென்று, வீடு வீடாகக் கொடுத்து, அடுத்த முறை வரும்போது மாற்றித் தந்தார்கள். இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு உண்டு. நூல் சுமந்தவர்கள் பெரும்பாலும் அதே மலையைச் சேர்ந்த பெண்கள். பாதையும் அவர்களுக்குத் தெரியும், அவர்களை ஊருக்கும் தெரியும். அந்நியரைச் சந்தேகத்தோடு பார்க்கும் மலைக்குடும்பங்கள் அதனால்தான் கதவைத் திறந்தன. அடுத்து, நூல்கள் போதாதபோது அவர்கள் சும்மா இருக்கவில்லை. கிழிந்த பழைய இதழ்களிலிருந்து பக்கங்களை வெட்டி ஒட்டி, அந்தப் பகுதிப் பெண்களின் சமையல் குறிப்புகளையும் துணி ஒட்டுப் போர்வை வடிவங்களையும் சேர்த்துத் தாங்களே ஏடுகள் தயாரித்தார்கள். அந்த ஏடுகள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சுற்றிச் சென்றன. ஒரு மலைக்கிராமத்துப் பெண்ணின் கைக்குறிப்பு அடுத்த மலையில் வாசிக்கப்பட்டது என்பது, நூலகம் கொடுப்பதோடு வாங்கிக்கொள்ளவும் வேண்டும் என்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த சான்று.

நம் அண்டையிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடி என்ற பழங்குடி ஊராட்சியில், ஒரு தேநீர்க் கடையில் சுமார் 160 நூல்களோடு நடந்த நூலகத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. தேநீர் குடிக்க வருகிற முதுவர் பழங்குடியினர் நூலெடுத்துப் போனார்கள். நூலகத்துக்குத் தனிக் கட்டடம் வேண்டும் என்று காத்திருப்பவர்கள் அந்தக் கடையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பெட்டியை வைத்துத் தொடங்குவது

வண்டி வாங்க எல்லா நூலகத்தாலும் முடியாது. வண்டி போக முடியாத ஊர்களும் மலையில் நிறைய. ஆகவே, சிறிய கிளை நூலகம் ஒன்றோ வாசகர் வட்டமோ தொடங்குவதற்கு ஏற்ற வழி பெட்டி நூலகம்தான். மூடியுள்ள பெட்டி ஒன்றில் 30 அல்லது 40 நூல்களை வைத்து, ஊரில் நாள்தோறும் மக்கள் வந்துபோகும் ஓர் இடத்தில், பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்து, மாதம் ஒரு முறை நூல்களை மாற்றுவதுதான் அதன் முழு அமைப்பு. நீலகிரியில் அதற்கான இடங்களுக்குக் குறைவில்லை. சிறு விவசாயிகள் உறுப்பினர்களாக உள்ள கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை, பச்சைத் தேயிலை வாங்கும் கொள்முதல் நிலையம், நியாயவிலைக் கடை, அங்கன்வாடி, பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடை, ஜீப் நிற்குமிடத்துப் பெட்டிக்கடை என எதுவும் பொருந்தும். இவற்றில் அலுவலகச் சாயல் குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் எண்ணம்; கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் தேநீர்க் கடையில் தயங்குவதில்லை.

பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். நன்கொடையாக வந்து, நூலகத்தில் யாரும் எடுக்காத பழைய நூல்களைப் பெட்டிக்குத் தள்ளிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இது பெட்டியைத் திறக்கும் முதல் வாசகரை அவமதிப்பதாகும். நூலகத்திலேயே அதிகம் கேட்கப்படும் நூல்கள், புதிதாக வந்தவை, அட்டை கிழியாதவை ஆகியவைதான் வெளியே போக வேண்டும். ஒரு ஹட்டிக்குப் போகும் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியரும் படைவீரரும் இருப்பார்கள். அவர்களுக்கு வரலாறும் வாழ்க்கை வரலாறும். கேரட்டும் பூண்டும் பயிரிடுகிறவர்களுக்கு மண்ணையும் பூச்சியையும் பற்றிய எளிய நூல்கள், தேயிலையில் வரும் கொப்புள நோயை விளக்கும் கையேடு. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு ஓரிரு நூல்கள் போதும். அவர்கள் எப்படியும் நூலகத்தைத் தேடி வந்துவிடுவார்கள். தொடர்கதையை விரும்பும் பெண்களுக்கு நாவல்கள் கட்டாயம் வேண்டும். நாவலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி, பயனுள்ள நூல்களால் மட்டுமே நிரப்பிய பெட்டி இரண்டாம் மாதம் திறக்கப்படாமல் கிடக்கும். படம் நிறைந்த குழந்தை நூல்கள் கால் பங்காவது இருக்கட்டும். கண்பார்வை குறைந்த முதியவர்களுக்காகப் பெரிய எழுத்து நூல்கள் கிடைத்தால் அவற்றையும் சேர்க்க வேண்டும்.

இதே பட்டியல் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளுக்கு அப்படியே பொருந்தாது. அங்கே மலையாளம் பேசும் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து வந்து, அரசு தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட மலையகத் தமிழர்களின் மூன்றாம் தலைமுறை அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது. மலையக இலக்கியம் என்று ஒரு தனி வரலாறே இருக்க, அதில் ஒரு நூல்கூட இல்லாத பெட்டியை அந்தக் குடியிருப்புகளுக்கு அனுப்புவது பெரிய குறை. தாத்தா பறித்த கொழுந்தைப் பற்றிய கதையைப் பேரப்பிள்ளை வாசிக்கக் கிடைப்பதைவிட அங்கே எது முக்கியமானதாக இருக்க முடியும்? அண்மைக் காலத்தில் ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்துள்ள குடும்பங்களின் குழந்தைகள் தமிழ்ப் பள்ளியில் சேர்கிறார்கள். தமிழும் இந்தியும் ஒரே பக்கத்தில் உள்ள இருமொழிப் பட நூல்கள் அவர்களுக்குப் பெருந்துணை.

மலையின் ஈரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பனிமூட்டத்தில் இரண்டு வாரம் திறந்து கிடந்த நூலின் ஓரங்களில் பூஞ்சை படிந்து, பக்கங்கள் அலையலையாக நெளிந்துவிடும். மூடி இறுகப் பொருந்தும் பெட்டியாக இருக்க வேண்டும்; தரையில் வைக்காமல் பலகை மேலோ செங்கல் மேலோ வைக்க வேண்டும்; வெயில் அடிக்கும் நாளில் நூல்களை வெளியே எடுத்துப் பிரித்துக் காற்றாட விட வேண்டும். நூல் மாற்றும் கால அட்டவணையும் மழையை ஒட்டியே அமைய வேண்டும். ஒரே மாவட்டமாக இருந்தாலும், தேவாலா, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை வலுக்கும். 2009 நவம்பரில் அந்தச் சரிவுகளில் ஏற்பட்ட மண்சரிவுகளில் உயிர்கள் பல பறிபோய்ச் சாலைகள் துண்டிக்கப்பட்டதை மலைமக்கள் மறக்கவில்லை. கனமழை மாதங்களில் பெட்டியை மாற்றப் பயணம் செய்வதைத் தவிர்த்து, அதற்கு முந்தைய மாதமே சற்றுக் கூடுதலான நூல்களை வைத்துவிடுவது அறிவுடைமை.

எழுத்துக்கு முன்னால் காது

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு பழங்குடியினரின் மண் இது. இவர்களுடைய குடியிருப்புகளுக்குப் புத்தகப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதை விரிவாக்கப் பணி என்று சொல்லத் தயங்குவேன். அவரவர் மொழி வீட்டு மொழியாக இருக்கிறது. தமிழ் பள்ளியில் வந்து சேரும் மொழி. முதியவர்களின் அறிவு பாட்டிலும் கதையிலும் காட்டைப் பற்றிய பேச்சிலும் இருக்கிறது. அங்கே நூலகம் செய்யத்தக்க முதல் காரியம் உட்கார்ந்து கேட்பது. குடியிருப்பின் மூத்தவர்களிடம் அனுமதி பெற்று, அவர்களே ஒரு மாலைப்பொழுதில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நிகழ்வை நூலகம் ஏற்பாடு செய்யலாம். அவர்கள் விரும்பினால் அதை ஒலிப்பதிவு செய்து, எழுதி, குழந்தைகள் வரைந்த படங்களோடு சிறு ஏடாகத் தைத்து, அதன் முதல் படியை அந்தக் குடியிருப்பிலேயே வைக்கலாம். பதிவின் உரிமை யாருக்கு, யார் கேட்கலாம், எது வெளியே போகக் கூடாது என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். உதகைக்கு அருகில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது; இத்தகைய முயற்சிக்கு முன் அங்குள்ளவர்களோடு பேசுவது பல தவறுகளைத் தவிர்க்கும். குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, கையில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்புவது அவர்களுக்கு எந்த வகையிலும் உதவாது. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

எழுத்தறிவு குறைந்த பெரியவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வாரம் ஒரு முறை வாய்விட்டு வாசிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். பத்திரிகைச் செய்தி, ஒரு சிறுகதை, அரசுத் திட்டத்துக்கான விண்ணப்பப் படிவத்தின் விளக்கம் என்று அரை மணி நேரம் போதும்.

அறிவிப்பு எழுதும் முறை

நூலகத்தில் இருப்பதை மக்களுக்குத் தெரிவிப்பதும் விரிவாக்கப் பணியின் பகுதியே என்று தொடக்கத்தில் சொன்னேன். நம் நூலக அறிவிப்புகளில் பெரும்பாலானவை, ‘புதிய நூல்கள் வந்துள்ளன, பொதுமக்கள் அனைவரும் பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற ஒரே அச்சில் இருக்கின்றன. அனைவருக்கும் என்று எழுதப்பட்ட அறிவிப்பைத் தனக்கானது என்று ஒருவரும் எடுத்துக்கொள்வதில்லை. இதற்குப் பதிலாக, ‘தேயிலைக் கொழுந்தில் வெள்ளைக் கொப்புளம் தெரிகிறதா? அது என்ன நோய், எப்போது மருந்து அடிக்க வேண்டும் என்று விளக்கும் தமிழ்க் கையேடு நம் ஊர்ப் பெட்டியில் இருக்கிறது. வியாழக்கிழமை மாலை 4 மணி முதல் தேநீர்க் கடையில் எடுத்துக்கொள்ளலாம். பணம் கட்ட வேண்டியதில்லை’ என்று எழுதிப் பாருங்கள். ஒரு நூல், ஒரு தேவை, ஓர் இடம், ஒரு நேரம், செலவு உண்டா இல்லையா என்ற ஐயத்துக்குப் பதில் ஆகிய எல்லாம் நான்கு வரியில் அடங்கிவிடுகின்றன. ஒரு அறிவிப்பில் ஒரு நூலை மட்டும் சொல்வது சிறப்பு. 20 நூல்களின் பட்டியல் பார்வையிலேயே கடந்துபோய்விடும்.

அது எங்கே ஒட்டப்படுகிறது என்பதும் முக்கியம். நூலகச் சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்பை ஏற்கெனவே நூலகத்துக்கு வருகிறவர்தான் படிப்பார். கொள்முதல் நிலையத்தின் விலைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினால் அன்றைய இலை விலையைப் பார்க்க வருகிற ஒவ்வொருவர் கண்ணிலும் படும். வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதானால், எழுத்தோடு கூடவே ஒரு நிமிடக் குரல் பதிவையும் அனுப்பலாம். படுகர் ஊர்க் குழுவில் அது படுக மொழியிலேயே இருக்கலாம். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் பொறுப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டால் கூட்டம் கூடும் நாளில் ஒரு வரி சொல்லிவிடுவார்கள். எந்த வழியைப் பயன்படுத்தினாலும், சொன்ன நாளில் சொன்ன இடத்தில் நூல் இருக்க வேண்டும். மாலைப் பேருந்து இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் மூன்றாம் நாள் அதை நம்பி யாரும் நிற்க மாட்டார்கள். பெட்டி நூலகமும் அப்படித்தான்.

கணக்கும் கைமாற்றமும்

எத்தனை நூல்கள் எடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து இந்தப் பணியை அளக்கக் கூடாது. நன்றாக வாசிக்கும் ஒருவரே மாதம் 10 நூல்களை எடுத்து எண்ணிக்கையை உயர்த்திவிட முடியும். முதன்முறையாக நூல் எடுத்தவர்கள் யார், அவர்களில் இரண்டாம் முறை வந்தவர்கள் யார், எந்தக் குடியிருப்பிலிருந்து இன்னும் ஒருவரும் வரவில்லை என்பவற்றைத்தான் பதிவேட்டில் பார்க்க வேண்டும். நூல் தொலைவதைப் பற்றிப் புதியவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். சில நூல்கள் தொலையத்தான் செய்யும். அபராதம் விதித்தால், நூலைத் தொலைத்தவர் மட்டுமல்லாமல் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் பெட்டியை அணுக மாட்டார். இழப்பைத் திட்டத்தின் செலவாகவே எழுதி, புரவலர்களிடமும் வாசகர் வட்டத்திடமும் மாற்று நூல் கேட்பதே சரியான வழி.

நடக்க இயலாதவர்கள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வீட்டுக்கு நூல் கொண்டுசெல்லத் தமிழ்நாட்டில் நூலக நண்பர்கள் என்ற தன்னார்வலர் திட்டம் இருக்கிறது. பெட்டியைப் பொறுப்பேற்றிருப்பவரையே அதில் சேர்த்துவிட்டால் இரண்டு பணிகளும் ஒரே கையில் சேர்ந்துவிடும். பெட்டிக்குள் ஒரு வேண்டுகோள் நோட்டும் இருக்கட்டும். வாசகர் கேட்கும் நூலின் பெயரை அதில் எழுதிவைத்தால், கிளை நூலகரோ மாவட்ட மைய நூலகமோ அதைத் தேடி அடுத்த முறை அனுப்பலாம். கிடைக்காவிட்டாலும், கிடைக்கவில்லை என்ற பதில் அதே நோட்டில் அடுத்த மாதம் எழுதப்பட்டிருக்க வேண்டும். பதில் வராத வேண்டுகோளுக்குப் பிறகு அந்த வாசகர் வேறு எதையும் எழுத மாட்டார்.

மலையில் நல்ல முயற்சிகள் நின்றுபோவதற்கு நான் அடிக்கடி காணும் காரணம் ஒன்று உண்டு. ஆர்வமுள்ள நூலகர் இடமாற்றம் பெற்றுச் சமவெளிக்குப் போகிறார். அவர் மனத்தில் இருந்த ஊர்களும் ஆட்களும் நேரங்களும் அவரோடு போய்விடுகின்றன. ஆகவே முதல் மாதத்திலிருந்தே ஒரு கைமாற்றக் குறிப்பேடு எழுதி வருவது அவசியம். எந்த ஊரில் யாரிடம் பெட்டி இருக்கிறது, அவருக்கு எந்த நேரத்தில் தொலைபேசலாம், எந்தப் பேருந்தில் போனால் எந்தப் பேருந்தில் திரும்பலாம், எந்தப் பாதையை மாலை 5 மணிக்குப் பிறகு தவிர்க்க வேண்டும், எந்த முதியவர் எந்த வகை நூலுக்காகக் காத்திருப்பார் என்பவற்றை எழுதி, ஒரு படியைக் கிளை நூலகத்திலும் இன்னொரு படியை வாசகர் வட்டச் செயலாளரிடமும் வைக்க வேண்டும். புதிய நூலகர் பொறுப்பேற்ற வாரத்திலேயே, பெட்டி உள்ள ஊர்களில் ஒன்றுக்காவது பழைய தன்னார்வலர் அவரை அழைத்துச் சென்று நேரில் அறிமுகப்படுத்திவிட்டால், அடுத்த மாத மாற்றத்தை அவரே கவனித்துக்கொள்வார்.